வீட்டு வைத்தியம்னா வீட்டுக்குப் பண்ற வைத்தியம்

பட்டணத்துச் சொந்தங்கள்கிட்ட இருந்து எனக்கு வர்ற போன்ல, நாட்டு மாட்டு நெய் இருக்கான்னு கேக்குறதுக்கு அடுத்தபடியா அதிகம் வர்ற கேள்வி இதுதான்: "அண்ணா, நாய் மேல உண்ணியா ஊருது. தெள்ளும் இருக்கும்போல. உங்க ஊர்ப்பக்கம் கெமிக்கல் இல்லாம இயற்கையா என்ன போடுவீங்க?" மழை விட்டுப் பத்துப் பதினஞ்சு நாள் ஆனா போதும், வாரத்துக்கு ரெண்டு பேராவது கேட்டுடுறாங்க.

கேக்கும்போதே பதிலையும் கையில வெச்சுக்கிட்டுத்தான் கேக்குறாங்க. நான் வேப்பெண்ணெய்னு சொல்லணும். இல்லேன்னா மஞ்சள், துளசி, பூண்டு, கற்பூரம். ரெண்டைக் கலந்து ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தி நாலு அடி அடிச்சுட்டு ஆபீசுக்குக் கிளம்பிடலாம். "முதல்ல நாய் படுக்குற துணியைக் கொதிக்கிற தண்ணியில போடுங்க, சோபாவை நகர்த்திப் பெருக்குங்க, நாயை ஒரு நடை டாக்டர்கிட்ட காட்டுங்க"ன்னு நான் சொன்னா அந்தப் பக்கம் சத்தமே வராது. விவசாயியைக் கேட்டா டாக்டரைப் பாருன்னு சொல்றானேன்னு ஒரு ஏமாற்றம்.

அதனால இதை எழுதியே வெச்சுடறேன். கொஞ்சம் காட்டமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க.

முதல்ல, எங்க ஊரைப் பத்தி உங்களுக்கு யாரோ சொல்லி வெச்ச கதையை ஓரமா வையுங்க. தாராபுரம் பக்கம் எங்க ஊர்ல, எங்கப்பா காலத்துல, மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணி வந்தா போட்டது வேப்பெண்ணெய் கிடையாது. கமாக்சின் பவுடர். பி.எச்.சி. தூள். அதைப் பழைய துணியில மூட்டையாக் கட்டி மாட்டு முதுகுல தட்டுவாங்க. கோழிக் கூடைக்குள்ள தூவுவாங்க. தானிய மூட்டையைச் சுத்தியும் தூவுவாங்க. பட்டி நாய் அதை நக்கும், கன்னுக்குட்டி நக்கும், தூவின கையை வேட்டியில துடைச்சுட்டுச் சோத்துக்கு உக்காருவாங்க. அரசாங்கம் அதை 1997-ல தடை பண்ணுச்சு. தடை பண்ணினதும் எல்லாரும் வேப்பமரத்தைத் தேடிப் போயிடலை. பருத்திக்கு வாங்கின மருந்துல அடியில மிச்சம் இருந்ததைத் தண்ணியில கலக்கித் தேய்ச்சாங்க. அப்படித் தேய்ச்சு வாயில நுரை தள்ளிச் செத்த மாடும் நாயும் ஊருக்கு ஊர் உண்டு. சொறி பிடிச்ச நாய் மேல டிராக்டர்ல வடிச்ச கழிவு ஆயிலை ஊத்துறவங்க இன்னைக்கும் இருக்காங்க. "கிராமத்துல எல்லாமே இயற்கைங்க"ன்னு நீங்க சொல்றப்ப எனக்குச் சிரிப்பு வர்றது இதனாலதான்.

சரி, அந்தப் பவுடருக்கும் முன்னாடி என்ன பண்ணினாங்க? அது நியாயமான கேள்வி. அதுக்கு எங்க அப்பத்தா பண்ணின வேலையைச் சொன்னாத்தான் விளங்கும்.

அப்பத்தா கருக்கல்ல எழுந்ததும் முதல் வேலை கட்டுத்தரை. சாணியை அள்ளி, கூளத்தைக் கூட்டிக் குப்பைக்குழியில போடறது. ஈரம் தங்கற இடத்துல அடுப்புச் சாம்பலைக் கொட்டிப் பரப்பறது. மத்தியானம் மாடு படுத்து அசை போடுறப்ப பக்கத்துல உக்காந்து காதுக்குள்ள, மடிச்சந்துல, வாலடியில, தாடைக்குக் கீழே தடவித் தடவி உண்ணி புடுங்கறது. புடுங்கினதைக் கீழ போட மாட்டா. ஒரு கொட்டாங்குச்சியில உப்புத் தண்ணி வெச்சிருப்பா, அதுல போட்டு அப்புறம் அடுப்புல கொட்டுவா. பட்டி நாய்க்கும் அதே வைத்தியம்தான், அது உறுமிக்கிட்டே காட்டும். கோழிங்க வேற, படுத்திருக்கிற மாட்டைச் சுத்தி வந்து கொத்திக் கொத்தித் தின்னும். மேய்ச்சலுக்குப் போனா கொக்கும் மைனாவும் பாத்துக்கும்.

வருஷத்துக்கு ஒருக்கா கட்டுத்தரை மண்ணையே ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி எடுத்துக் காட்டுல கொட்டிட்டு, புதுசா செம்மண் போட்டுக் கெட்டிப்பாங்க. வெட்டின மண்ணு மூத்திரம் ஊறினது, காட்டுக்கு நல்ல உரம். உண்ணி முட்டையும் அதோட போச்சு. பொங்கலுக்கு முன்னாடி சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பாங்களே, அழகுக்குன்னா நெனச்சீங்க? மண் சுவத்து வெடிப்புலதான் உண்ணி முட்டை வைக்கும். அதைச் சாணி மண்ணால பூசி மேல சுண்ணாம்பு அடிச்சா வெடிப்பு அடைஞ்சுடும். பழைய பாய், பழைய சாக்கு எல்லாம் போகிக்கு நெருப்புல போகும். நாய் படுத்த சாக்கு முதல்ல போகும்.

வேப்பெண்ணெய் அந்த வீட்டுல இருந்துச்சு. புண்ணுக்குப் போடுவாங்க, ஈ மொய்க்காம இருக்கும். வேப்பிலைப் புகை, நொச்சிப் புகை போடுவாங்க, அது கொசுவுக்கு. உண்ணிக்கும் தெள்ளுக்கும் மருந்துன்னு ஒரு சாமான் தனியா இருந்ததில்லை. விளக்குமாறு, மண்வெட்டி, சாம்பல், வெயில், சுண்ணாம்பு, ரெண்டு விரல். இவ்வளவுதான். வீட்டு வைத்தியம்னு நீங்க சொல்றீங்களே, அது வீட்டுக்குப் பண்ணின வைத்தியம். நீங்க அதுல வீட்டை விட்டுட்டு, வைத்தியத்தை மட்டும் எடுத்து நாய் மேல தடவறீங்க.

இது ஏன் வேலை செஞ்சுதுன்னு பாக்கணும்னா பூச்சியோட பொழப்பைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். மொதல்ல, உண்ணியும் தெள்ளும் ஒண்ணு இல்லை. போன் பண்றவங்கள்ல பாதிப் பேர் ரெண்டையும் குழப்பிக்கிறாங்க. உண்ணிக்கு எட்டுக் கால், சிலந்தி வகையறா, தோல்ல தலையைப் புதைச்சு ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிச்சு ஆமணக்கு முத்து மாதிரி உப்பும். தெள்ளுக்கு ஆறு கால், றெக்கை கிடையாது, பக்கவாட்டுல தட்டையா இருக்கும், விரலை வெச்சா தத்தி ஓடிடும். தெள்ளு இருக்கான்னு சந்தேகமா இருந்தா பேன் சீப்பால நாயோட முதுகையும் வாலடியையும் வாரி, வர்ற கருப்புத் தூளை ஈரம் பண்ணின வெள்ளைத் துணியில வைங்க. செங்காவியாக் கரைஞ்சா அது தெள்ளோட எச்சம், உங்க நாயோட ரத்தம்தான் அது.

ஒரு பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40, 50 முட்டை வரைக்கும் வைக்கும். முட்டை ஒட்டாது. நாய் நடக்கிற இடமெல்லாம் உதிரும், அது படுக்குற இடத்துல அதிகமா உதிரும். புழு பொரிஞ்சு வெளிச்சத்தைப் பாத்து ஓடி, மேட்டுக்கு அடியிலயும் சோபா இடுக்குலயும் போய் ஒளியும். பெரிய தெள்ளோட எச்சத்தைத்தான் தின்னு வளரும். அப்புறம் கூடு கட்டிக்கும். அந்தக் கூட்டுக்குள்ள மாசக்கணக்குல கூடப் படுத்துக் கிடக்கும், எந்த மருந்தும் சுலபத்துல உள்ள போகாது. காலடி அதிர்வும் உடம்புச் சூடும் மூச்சுக் காத்தும் பட்டா அப்ப வெளிய வரும். லீவுக்குப் போய்ட்டு வந்து பூட்டின வீட்டைத் திறந்ததும் கணுக்கால்ல மொய்க்குதுன்னு சொல்வீங்களே, காரணம் இதுதான். நாய் மேல கண்ணுக்குத் தெரியற தெள்ளு நூத்துக்கு அஞ்சுதான், மிச்சம் வீட்டுலதான்னு கால்நடை டாக்டருங்க சொல்வாங்க. அந்த அஞ்சுக்குத்தான் நீங்க வேப்பெண்ணெய் வாங்குறீங்க.

நாய் உண்ணி இன்னும் மோசம். குஞ்சு, இளசு, பெருசுன்னு ஒவ்வொரு பருவத்துலயும் நாய் மேல ஏறி ரத்தம் குடிச்சுட்டுக் கீழ விழுந்துடும். விழுந்தது தரையில நிக்காது, சுவத்துல மேல ஏறும். ஜன்னல் சட்டம், திரைச்சீலை மடிப்பு, சுவிட்ச் பெட்டி, மாட்டியிருக்கிற போட்டோவுக்குப் பின்னாடி. அங்க ஒரு பெட்டை ஆயிரக்கணக்குல முட்டை வைக்கும். எங்க அப்பத்தாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனா சுண்ணாம்பு அடிக்கிறப்ப வெடிப்புக்கு முன்னாடி நின்னு "இங்க ரெண்டு கை சேத்து அடி"ன்னு சொல்லத் தெரிஞ்சிருந்துச்சு.

இப்ப உங்க வாட்ஸ்அப் வைத்தியத்துக்கு வருவோம். பலன் இல்லாததை விட்டுடறேன், எலுமிச்சம்பழம், வினிகர் எல்லாம் வாசனையோட போகட்டும். பூனை உடம்புல மட்டும் எலுமிச்சைச் சாறு வேண்டாம். உயிருக்கு உலை வைக்கிறதைத்தான் சொல்லணும்.

"தினம் ரெண்டு பல் பூண்டு சோத்துல போடுங்க, ரத்தத்துல வாசனை ஏறி உண்ணி ஓடிடும்"னு ஒண்ணு சுத்துது. பூண்டும் வெங்காயமும் நாயோட ரத்தச் சிவப்பணுவை உடைக்கும், பூனைக்கு இன்னும் சீக்கிரம் உடைக்கும். ஏற்கெனவே வெளிய இருந்து ஒருத்தன் ரத்தம் குடிச்சுக்கிட்டு இருக்கான், நீங்க உள்ள இருந்து ஒருத்தனை அனுப்புறீங்க. தேங்காய் எண்ணெயில கற்பூரம் கரைச்சுத் தடவறது இன்னொண்ணு. கற்பூரம் தோல் வழியாவே ஏறும், நக்கினா இன்னும் வேகமா ஏறும், வலிப்பு வரும். மண்ணெண்ணெய் தோலை வெந்து போகப் பண்ணும், நக்கி வாந்தி எடுத்தா நுரையீரலுக்குப் போகும். புகையிலைத் தண்ணி நான் செடிக்கு அடிக்கிறது. அசுவினி சாகுற மருந்துல நாய் என்ன குளிச்சு விளையாடுமா?

பூனை வளக்கிறவங்க தயவுபண்ணி இதை ரெண்டு தடவை படிங்க. பூனை மேல எதைத் தடவினாலும் ராத்திரிக்குள்ள அது வயித்துல இருக்கும், நாள் பூரா நக்கிக்கிட்டே இருக்கிற ஜீவன். நம்ம கல்லீரல் உடைச்சு வெளிய தள்ளுற பல சாமான்களை அதோட கல்லீரலால உடைக்க முடியாது. டீ ட்ரீ எண்ணெய், யூகலிப்டஸ் எண்ணெய், கிராம்பு எண்ணெய் எல்லாம் அந்தக் கணக்குல வரும். கடை மருந்தும் தப்பில்லாதது கிடையாது. பெர்மெத்ரின் இருக்கிற நாய்ச் சொட்டு மருந்தைக் காசு மிச்சம்னு பூனைக்கும் ரெண்டு சொட்டு விட்டா பூனை உதறி உதறிச் சாகும். இயற்கைன்னு எழுதியிருக்கா, கெமிக்கல்னு எழுதியிருக்கான்னு பாக்காம, எந்த ஜீவனுக்கு, எத்தனை கிலோவுக்கு, எவ்வளவுன்னு பாக்கணும். அதைச் சொல்றவருக்குப் பேருதான் டாக்டர்.

உடனே ஒருத்தர் கேப்பார், "அப்ப மூலிகை எல்லாம் பொய்யா அண்ணா?" யார் சொன்னா? நம்ம கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்துக்காரங்க மாட்டு உண்ணிக்கு ஒரு மூலிகைக் கரைசல் சொல்றாங்க, தேசிய பால்வள வாரியமும் அதைப் பரப்புது. பூண்டு, வேப்பிலை, வேப்பங்கொட்டை, வசம்பு, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி இலை எல்லாம் அரைச்சு, தண்ணியில கலந்து வடிகட்டித் தெளிக்கிறது. நானும் பண்றேன், மாட்டுக்கு. ஆனா அந்தக் குறிப்பை நீங்க முழுசாப் படிக்கணும். நல்ல வெயில் நேரத்துல தெளிக்கணும்னு இருக்கு. சரியாகுற வரைக்கும் வாரம் ஒருக்கா தெளிக்கணும்னு இருக்கு. கட்டுத்தரையோட இண்டு இடுக்கு, வெடிப்பு எல்லாத்துலயும் தெளிக்கணும்னு இருக்கு. வாட்ஸ்அப்ல வர்றப்ப வெயிலும் காணோம், வாரமும் காணோம், வெடிப்பும் காணோம். சாமான் பட்டியல் மட்டும் வந்து சேருது. அதை அப்படியே பெர்சியன் பூனைக்கு அடிக்கிறாங்க. உண்ணிச்செடியை மேஞ்சா மாட்டுக்கே விஷம்ங்க. பூனை நக்கினா?

வேப்பங்கொட்டையில சரக்கு இருக்கு, பூச்சி தோலுரிச்சு வளர்றதைத் தடுக்கும். என் காய்கறிக் காட்டுல அதை நம்பித்தான் இருக்கேன். ஆனா அது மெதுவா வேலை செய்யற சமாச்சாரம். பயிர்ல ஒரு வாரம் பொறுக்கலாம், ரெண்டு இலை போனா போகட்டும். நாய் விஷயத்துல அந்த ஒரு வாரம்தான் எமன். ஏன்னா உண்ணி சும்மா ரத்தம் மட்டும் குடிச்சுட்டுப் போறதில்லை. எர்லிக்கியா, பபீசியான்னு ரெண்டு மூணு கிருமியை உள்ள விட்டுட்டுப் போகுது.

கோயமுத்தூர்ல ஒரு தம்பி, நல்ல பையன், ஐ.டி.யில வேலை. வாரம் ஒருக்கா என்கிட்ட காய் வாங்குவார். லேப்ரடார் வெச்சிருந்தார். உண்ணி வந்ததும் வேப்பெண்ணெயும் மஞ்சளும் தேய்ச்சிருக்கார். எவ்வளவு நாள்? பதினெட்டு நாள். நடுவுல நாய் சோறு எடுக்கலை, "வெயிலுக்கு அப்படித்தான்"னு விட்டிருக்கார். அப்புறம் எனக்குப் போன். ஈறு எப்படி இருக்குன்னு கேட்டேன். வெள்ளையா இருக்குண்ணான்னார். வயித்துல சின்னச் சின்னச் செம்புள்ளியும் இருந்துச்சு. உடனே தூக்கிட்டுப் போகச் சொன்னேன், போனார். அங்க போறதுக்குள்ள மூக்குல ரத்தம். உண்ணிக் காய்ச்சல் முத்திப் போய், ரத்தத் தட்டணு தரையைத் தொட்டிருந்துச்சு. ரத்தம் ஏத்தினாங்க, மூணாம் நாள் போயிடுச்சு. முதல் வாரத்துலயே போயிருந்தா பெரும்பாலும் மாத்திரையிலயே தேறியிருக்கும்னு டாக்டர் சொன்னாராம். அந்தத் தம்பி மேல எனக்குக் கோபமே கிடையாது. பாசத்துலதான் தேய்ச்சார், நாய் மேல கெமிக்கல் படக்கூடாதுன்னு. அந்தப் பதினெட்டு நாளும் அவருக்கு தைரியம் குடுத்துக்கிட்டு இருந்துச்சே ஒரு வீடியோ, "எங்க பாட்டி காலத்து ரகசியம்"னு, அது மேலதான் எனக்குக் கோபம். அந்தப் பாட்டி எந்த ஊர்ப் பாட்டி? நாய் சோறு திங்கலைன்னா அன்னைக்கே "என்னமோ சரியில்லை, பாரு"ன்னு வீட்டையே எழுப்புற பாட்டிங்களைத்தான் நான் பாத்திருக்கேன்.

இங்க ஒரு விஷயம் சொல்லிடறேன். பேப்பர்ல "உண்ணிக் காய்ச்சல் பரவுது"ன்னு மனுசங்களுக்கு வர்றதைப் பத்தி எழுதுறாங்களே, அது வேற. புதர்லயும் புல்லுலயும் இருக்கிற, கண்ணுக்கே சரியாத் தெரியாத சிற்றுண்ணி கடிச்சு வர்றது. அந்தச் செய்தியைப் படிச்சுட்டு வீட்டு நாயைக் கொண்டுபோய் ரோட்டுல விடறவங்க இருக்காங்க. எங்க ஊர்ச் சுங்கத்துப் பக்கம் கார்ல கொண்டாந்து இறக்கிட்டுப் போறாங்க. கழுத்துப் பட்டையோட நிக்குது பாவம், எந்தக் கார் வந்தாலும் ஓடி ஓடிப் பாக்குது.

உங்க வீட்டுல கட்டுத்தரை இல்லை, சாணி இல்லை, சுண்ணாம்பு இல்லை. அதுக்காக முடியாதுன்னு இல்லை. நாய் படுக்கைத் துணியை வாரம் ஒருக்கா கொதிக்கிற தண்ணியில முக்கி, மத்தியான வெயில்ல மொட்டை மாடியில காயப் போடுங்க. தெள்ளுப் புழு ஈரம் இல்லாட்டிக் காஞ்சு செத்துடும், நம்ம ஊர் வெயிலை விடப் பெரிய மருந்து எந்த பாட்டில்ல இருக்கு? வாக்யூம் கிளீனர் வெச்சிருக்கிறவங்க சோபா இடுக்கு, கட்டிலடி, சுவரோரம் எல்லாம் இழுத்து, அந்தக் குப்பையை அன்னைக்கே கட்டி வெளிய போடுங்க. சுவத்துல ஆணி அடிச்ச ஓட்டையையும் கதவு நிலை சந்தையும் வெள்ளை சிமெண்ட் வெச்சு அடைங்க, ஒரு ஞாயித்துக்கிழமை வேலை. தினம் அஞ்சு நிமிஷம் நாயைத் தடவிப் பாருங்க, காதுக்குள்ள, விரல் இடுக்குல, அக்குள்ல. உண்ணி கிடைச்சா சின்னக் குறடால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க. ஊதுபத்தியால சுடாதீங்க, விரல்ல நசுக்காதீங்க, சோப்புத் தண்ணியில போடுங்க. கூடவே டாக்டர் எடை பாத்துக் குடுக்கிற மருந்தை விடாம மூணு மாசமாவது போடுங்க. ஒரு தடவை போட்டுட்டு "திரும்ப வந்துடுச்சு, மருந்து டூப்ளிகேட்"னு திட்டாதீங்க. திரும்ப வரலை, கூட்டுக்குள்ள இருந்தது இப்பத்தான் வெளிய வருது. வீட்டுல இருக்கிற நாய் பூனை எல்லாத்துக்கும் ஒரே சமயத்துல பாக்கணும், அததுக்கு உண்டான மருந்து.

இதெல்லாம் வேலைங்க. எங்க ஊர்லயும் அது வேலையாத்தான் இருந்துச்சு, பொம்பளைங்க தலையில விழுந்த வேலை. எங்கப்பா ஒரு நாளும் கட்டுத்தரை கூட்டினதில்லை, அந்தப் பவுடர் வந்தப்ப வீட்டுல அதிகமா சந்தோஷப்பட்டது அப்பத்தாதான். முதுகு வலி கொறைஞ்சுதுன்னு சொல்லுவா. அதனால "அந்தக் காலம் மாதிரி வருமா"ன்னு நீங்க பெருமூச்சு விடறப்ப, யார் முதுகுல அந்தக் காலம் நின்னுச்சுன்னும் ஒரு நிமிஷம் யோசிங்க.

இன்னொண்ணு. உங்க வீட்டுல பெருக்கித் துடைக்க ஒரு அக்கா வருவாங்க இல்லையா, தெள்ளு எந்த மூலையில இருக்குன்னு எனக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி அவங்களைக் கேளுங்க. குனிஞ்சு சோபாவுக்கு அடியில கை விடறது அவங்கதான், கணுக்கால்ல கடி வாங்குறதும் அவங்கதான். எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும். உங்ககிட்ட சொல்லியும் இருப்பாங்க.